கடல் வரிசையில் பழைய செய்தி

டிவியில் படம் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தால் எனக்குச் சோறு இறங்காது. கோட்டாற்றில், கல்யாணத்தையும் திருவிழாவையும் டிவியில் காட்டுகிற இந்தக் கடையைத் திறந்தபோது நான் வைத்துக்கொண்ட ஒரே வைராக்கியம், என் பெட்டி இருக்கிற வீட்டில் படம் நிற்கக் கூடாது என்பதுதான். நீங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கரைகளிலும் இதே ஏற்பாட்டைச் செய்யப்போவதாகச் சொல்கிறீர்கள். பட்டியல் பெட்டிக்குள் எப்படி வருகிறது, வந்தது அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் போனில் பதிவு செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை.

பெட்டி கையகலம்தான். அதில் இருக்கிற செயலி வெறும் அலமாரி, உள்ளே சாமான் கிடையாது. சாமானைக் கொண்டுவந்து அடுக்குவது நான் எழுதிய ஆட்-ஆன், அதனோடு ஒட்டவைக்கிற ஒரு சின்ன நிரல். டிவியைப் போட்டதும் பெட்டி என் சர்வரிடம், உன்னிடம் என்னென்ன வரிசை இருக்கிறது என்று கேட்கும். கல்யாணம், கோயில், சர்ச், கடல் என்று சர்வர் பதில் சொல்லும். பிறகு ஒவ்வொரு வரிசைக்கும், அதில் என்னென்ன வீடியோ இருக்கிறது என்று கேட்கும். பெயரும் முகப்புப் படமுமாக ஒரு பட்டியல் வரும். வீட்டுக்காரர் ரிமோட்டில் ஒன்றை அமுக்கினால்தான், அந்த வீடியோ எங்கே கிடக்கிறது என்ற கடைசிக் கேள்வி.

இந்தப் பட்டியலை ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கினால் என்னுடைய சின்னச் சர்வர் தாங்காது. ஆகவே ஒரு தடவை வாங்கிய பட்டியலையும், கடைசியாகப் பார்த்த வீடியோவையும் பெட்டி தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும். கேஷ் என்பார்கள். அடுத்த தடவை டிவியைப் போட்டால் வயிற்றில் இருப்பதை உடனே எடுத்துக் காட்டிவிடும். வட்டம் சுற்றாது. ஒரு பட்டியல் இரண்டு நாளைக்குச் செல்லும் என்று எழுதி வைத்தேன். கல்யாண வீடியோ மணிக்கு மணி மாறுகிற சங்கதியா என்ன?

கடல் வரிசை மட்டும் அப்படி இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் செல்வதாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செல்வதாஸ் கரைக்காரர், பக்கத்து மீனவ ஊரில் இருந்தார். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர், முழங்கால் முட்டு போனபிறகு கரையில் தங்கிவிட்டார். அரசாங்கம் வெளியிடுகிற கடல் அறிவிப்பைத் தினமும் காலையில் வாசித்து, அதைத் தங்கள் ஊர்ப் பேச்சில் திருப்பி, சர்ச் மைக்கில் சொல்வார். அறிவிப்பு எல்லார் போனுக்கும்தான் வருகிறது. ஆனால் மேகம் நகர்ந்தாலும் எச்சரிக்கை, காற்று தும்மினாலும் எச்சரிக்கை என்றால் எவன் திறந்து பார்ப்பான்? செல்வதாஸ் சொன்னால் கேட்பார்கள். "இண்ணைக்கு எறங்கலாம் மக்கா, ஆனா பாறைக்கு மேக்க போவாதீங்க" என்பார். போகமாட்டார்கள்.

அந்த ஊரில் முக்கால்வாசி வீட்டில் என் பெட்டிதான். சர்ச் திருவிழாவைப் பார்க்க வாங்கினார்கள். ஒரு நாள் நான் அவரிடம் சொன்னேன். "அண்ணாச்சி, தொண்டை கட்டுற மட்டுக்கும் மைக்குல எதுக்குக் கத்துதீங்க? போனைப் பாத்துப் பேசி அனுப்புங்க. வீட்டுக்கு வீடு உங்க மொகம் வரும்லா?" அவருக்கு அது பிடித்துப்போயிற்று. முதல் நாள் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதன்பிறகு மைக்குக்குப் போவதை விட்டுவிட்டார். அவர் வீட்டில் உட்கார்ந்து ஊருக்கே பேசினார். கேட்கத் தவறியவர்கள் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். நல்லது செய்கிறோம் என்றுதான் நான் அதைச் செய்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் போனில் பேசி, ஒரு பச்சைப் பொத்தானை அமுக்குவார். வீடியோ என் சர்வருக்கு வந்துவிடும், அவர் போனில் ஒரு டிக் விழும். ஆனால் பெட்டிகளுக்கு அது தெரியாது. அவை வயிற்றில் இருக்கும் நேற்றைய பட்டியலைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அதற்காக ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். பெட்டிகள் அடிக்கடி சர்வரில் ஒரே ஒரு எண்ணை மட்டும் எட்டிப் பார்க்கும். அந்த எண் கூடியிருந்தால் பழைய பட்டியலைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியதை வாங்கும். செல்வதாஸ் அனுப்பியதும் நான் அந்த எண்ணைக் கூட்டுவேன்.

தானாகக் கூடும்படி செய்யக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். எண் கூடினால் அத்தனை பெட்டியும் ஒரே மூச்சில் சர்வர் வாசலில் வந்து நிற்கும். பந்தியில் எல்லா இலையிலிருந்தும் ஒரே நேரத்தில் எரிசேரி கேட்டால் விளம்புகிறவன் என்ன ஆவான்? அதுதான். கொஞ்ச நேரம் எல்லாம் திணறும். நேரலை ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் நின்றுவிடும். ஆகவே நேரம் பார்த்துக் கூட்டுவதற்கு நிதானமான ஒரு ஆள் வேண்டும். என்னைவிட நிதானமான ஆளை நீங்கள் கோட்டாற்றில் பார்க்க முடியாது.

இப்போது அந்தக் கல்யாணம். தோவாளையில் பூ மொத்த வியாபாரம் செய்யும் சுயம்புலிங்கம் முறைக்கு எனக்கு மாமா. அவர் மகள் இந்துஜாவுக்குக் கல்யாணம். இந்துஜாவின் அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். லீவு கிடைக்கவில்லை. கூடப் பிறந்தவளின் தாலிகட்டை அவன் நேரலையில்தான் பார்க்க வேண்டும். தோவாளையில் பாதி வீட்டிலும் டிவியில் அதுதான் ஓடப்போகிறது. முந்தின நாளே மாமா என் தோளில் கைபோட்டுச் சொன்னார். "மருமவனே, ஒரு நிமிசம் நின்னாலும் எனக்க மொகத்துல கரி பூசுன மாதிரியாக்கும், கேட்டியா?"

"நிக்காது மாமா" என்றேன். சொன்ன சொல் சொல்தான்.

மறுநாள் காலையில் மண்டபத்தின் பக்க அறையில் என் கணினியை விரித்து வைத்திருந்தேன். மணவறையில் மேளக்காரர்கள் உட்கார்ந்தாயிற்று. அப்போது செல்வதாஸின் வீடியோ சர்வருக்கு வந்து சேர்ந்தது. வழக்கம்போலத்தான், நேரத்துக்கு வந்தது. நான் காதில் மாட்டிக் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது, முழுதாகக் கேட்டேன்.

"மக்களே, இண்ணைக்கு வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. கடல் சும்மா கெடக்க மாதிரிதான் இருக்கும். நம்பாதீங்க. உச்சைக்கு மேல கள்ளக்கடல் ஏறும். வள்ளத்த எறக்காதீங்க. மேல வலிச்சுக் கெட்டிப் போடுங்க. எனக்க வார்த்தையத் தட்டாதீங்க."

கள்ளக்கடல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காற்று இருக்காது, மேகம் இருக்காது. எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை கள்ளன் மாதிரி சத்தமில்லாமல் வந்து கரையில் ஏறும். வானத்தைப் பார்த்துக் கடலுக்குப் போகிறவனுக்கு அதில் ஒரு துப்பும் கிடைக்காது. யாராவது சொன்னால்தான் உண்டு.

எண்ணைக் கூட்டக் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். அப்போது நேரலையை அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். கூட்டினால் நிச்சயம் நிற்கும். கரையில் வள்ளம் இறங்குவது உச்சைக்கு, நடுப்பகலுக்குத்தான். தாலிகட்டு அதற்கு வெகுநேரம் முன்பே முடிந்துவிடும். முடிந்ததும் கூட்டினால் எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும். இதுதான் நான் போட்ட கணக்கு. அந்தக் கணக்கில் இன்றுவரை எனக்குத் தப்பு தெரியவில்லை.

தாலி கட்டி முடிந்தது. குரவை போட்டார்கள். மஸ்கட்டிலிருந்து அண்ணன்காரன், கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு என்று செய்தி அனுப்பினான். நான் மறுபடியும் கை வைக்கப்போன சமயம் சுயம்புலிங்கம் மாமா உள்ளே வந்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்திருந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "மருமவனே, நிறுத்திராத. மூத்தவனுக்குப் பந்தியையும் பாக்கணுமாம். அவனுக்க கூட்டாளிய எல்லாரும் ஒரே ரூம்ல உக்காந்து பாக்காவ. அவனுக்க அம்மை அவங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்ங்கா."

மாமி வந்து கேமரா முன்னால் நின்றாள். "மக்கா, சாப்பிட்டியாப்போ? உனக்கு ஒரு எலை போட்டு வச்சிருக்கேன் கேட்டியா" என்று சொல்லி அழுதாள். அவளுக்குப் பின்னால் சித்தி, சித்தப்பா, அத்தைமார் என்று வரிசையாக வந்து நின்றார்கள். பெற்ற தாய் அழுதுகொண்டிருக்கும்போது படம் உறைந்துபோனால் அந்தப் பையன் மனசு என்ன பாடுபடும்? அதை என் கையால் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நீங்களாக இருந்தாலும் செய்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம் என்னையும் பந்திக்குக் கூப்பிட்டார்கள். வந்து சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றால் மாமா விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். நேரலை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அடைப்பிரதமன் பாயசம் நன்றாக இருந்தது, பப்படமும் பழமும் போட்டுப் பிசைந்து இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

அதே நேரத்தில் கரையில் ஷாஜன் வீட்டில் நடந்ததை அவன் மனைவி பிரிஜா பிறகு என்னிடம் சொன்னாள். ஷாஜன் சொந்தமாக வள்ளம் வைத்திருந்தான். அன்று அவன் கஞ்சி குடித்துவிட்டு எழுந்தான். "செத்த இரு, செல்வதாஸ் மாமா என்ன சொல்லுதாருன்னு பாத்துட்டுப் போறேன்" என்று டிவியைப் போட்டிருக்கிறான். கடல் வரிசைக்கு மேலே 'இன்றைய கடல்' என்று தலைப்பு இருந்தது. அது எப்போதும் இருக்கிற தலைப்பு, நான் எழுதி வைத்தது. அதன் கீழே செல்வதாஸின் முகம், முந்தின நாள் வீடியோ. "கடல் சும்மா கெடக்கு மக்களே, தைரியமா எறங்குங்க" என்றார் செல்வதாஸ். ஷாஜன் டிவியை அணைத்துவிட்டுப் போனான்.

மைக் இருந்த காலமாக இருந்தால் செல்வதாஸ் ஊருக்குள்தான் நின்றிருப்பார். அன்று அவர் வீடியோவை அனுப்பிவிட்டு, டிக் விழுந்ததையும் பார்த்துவிட்டு, மகள் சுபிதாவோடு இங்கே டவுனுக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்ற நிம்மதியில்தான் வந்திருப்பார்.

சில வள்ளங்கள் இறங்கின. முன்னால் போனவை எப்படியோ தாண்டிவிட்டன. ஷாஜனின் வள்ளம் பாறைப் பக்கம் போகும்போது அலை எழும்பித் தூக்கிக் கவிழ்த்துவிட்டது. கூட இருந்தவன் நீந்திக் கரைசேர்ந்தான். ஷாஜனின் தலையில் வள்ளத்தின் விளிம்பு அடித்திருக்கிறது. மறுநாள் பக்கத்து ஊர்க் கரையில் கிடைத்தான்.

நான் கடைக்குத் திரும்பி, முகம் கழுவி, உட்கார்ந்து, எண்ணைக் கூட்டினேன். டிவி போட்டிருந்த எல்லா வீட்டுப் பெட்டியும் புதுப் பட்டியலை வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் போன் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதை நான் மறைக்கவில்லை. பயந்துபோய்விட்டேன்.

ஆனால் ஊர் என்னிடம் வரவில்லை, செல்வதாஸிடம் போயிற்று. வள்ளம் கவிழ்ந்தபிறகு டிவியைப் போட்டவர்களுக்கெல்லாம் புது வீடியோ வந்தது. 'வள்ளத்த எறக்காதீங்க' என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆள் போனபிறகு வந்து சொல்கிறாரே என்று ஊர் கொதித்துப்போயிற்று. நீந்தி வந்தவன் அவர் வீட்டு வாசலில் மண்ணை அள்ளி எறிந்தான். வீடியோ எடுத்தது காலையில்தான் என்று அவர் போனைக் காட்டினார். எடுத்தது காலையில்தான், அனுப்ப மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார், திரும்பி வந்து அமுக்கியிருக்கிறார் என்று பேசினார்கள். டிக் விழுந்த நேரம் அவர் போனில் இருக்காது. நான் அதை வைக்கவில்லை, அழகுக்கு ஒரு டிக் மட்டும்தான் வைத்திருந்தேன்.

சர்ச் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஃபாதர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "அனில், நீங்க சொன்னா எல்லாரும் ஒத்துக்குவாங்க. இந்த வீடியோ பெட்டிகளுக்கு எப்ப வந்துது?"

"உச்சைக்கு மேலதான் வந்துது ஃபாதர்" என்றேன்.

அது உண்மை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சர்வருக்கு எப்போது வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு வலியப் போய்ப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

செல்வதாஸ் எழுந்தார். "நான் காலத்தே அனுப்புனேன். எனக்க பிள்ளை மேல சத்தியமா அனுப்புனேன்" என்றார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுபிதா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. இந்தப் பையனுக்கு எல்லாம் தெரியுமே, இவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பார்த்தார். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்துக் கடைக்கு வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே இடத்தில்தான் உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"மக்கா, ஒண்ணு கேக்கணும். எனக்க வெரல் அண்ணைக்கு அந்தப் பச்சையில பட்டுதா, படலியா? டிக்கு விழுந்ததக் கண்ட மாதிரி இருக்கு. இப்பம் யோசிச்சா முந்தின நாள் கண்டதோன்னும் தோணுது. நீ கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு. பட்டுதுன்னு நீ ஒரு வார்த்த சொன்னா எனக்கு ஒறக்கம் வரும்."

கணினி என் முன்னால்தான் இருந்தது. காலையில் அவர் வீடியோ வந்து சேர்ந்த பதிவு அதில் இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது, நான் அழிக்கவில்லை. சாட்சியத்தை அழிக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அதைத் திறந்து காட்டினால் அடுத்த கேள்வி வரும். அடுத்த கேள்விக்குச் சுயம்புலிங்கம் மாமா பெயரும் இந்துஜா பெயரும் வரும். புதுசாகத் தாலி ஏறின பிள்ளை, அவள் கல்யாணத்தால் ஒரு உயிர் போயிற்று என்று ஊர் பேசினால் அந்தப் பாவம் யாருக்கு?

"வயசாயிட்டுல்லா அண்ணாச்சி" என்றேன். "எல்லாருக்கும் வாறதுதான். மனசப் போட்டு ஒலட்டாதீங்க."

தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்பம் நான்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். முட்டுவலிக்காரரைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானே கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்தேன்.

இப்போது அவர் கீரிப்பாறையில் இருக்கிறார். சுபிதாவின் வீட்டுக்காரருக்கு ரப்பர் எஸ்டேட்டில் வேலை. வீட்டைப் பூட்டி அவரை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே கடல் சத்தம் கேட்காது, அதுவும் அவருக்கு நல்லதுதான். யார் போனை நீட்டினாலும் விரலை மடக்கிக்கொள்கிறாராம். பேரப்பிள்ளைகள் விளையாட்டுக்குக் கொடுத்தால்கூட வாங்குவதில்லை என்று சுபிதா யாரிடமோ சொல்லி அழுதிருக்கிறாள்.

பிரிஜாவின் வீட்டுப் பெட்டி விஷயமும் உண்டு. சாவு விழுந்த வீட்டில் நாற்பத்தொன்றாம் நாள் கும்பிடு முடியும்வரை அவர்கள் டிவி போடமாட்டார்கள். ஷாஜன் அணைத்துவிட்டுப் போன டிவி அப்படியே கிடந்தது. கும்பிடு முடிந்து பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று பிரிஜா அதைப் போட்டிருக்கிறாள். அதற்குள் இன்டர்நெட் இணைப்பும் போய்விட்டது. பெட்டி புதுப் பட்டியல் வாங்க வழியில்லாமல் வயிற்றில் இருந்ததைக் காட்டியது. அவள் எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, பெட்டியப் போட்டா மாமா இப்பளும் கடல் சும்மா கெடக்குன்னு சொல்லுதாரு. எனக்குக் கேக்க முடியல்ல அண்ணா."

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அமைப்புகள் பக்கத்தில், கடைசியாகப் பட்டியல் வாங்கிய நாளும் நேரமும் ஒரு வரியாக இருக்கும். அதில் ஷாஜன் போனதற்கு முந்தின நாள் தேதி நின்றது. ஷாஜன் பார்த்த அன்றைக்கு அந்தப் பெட்டி புதிதாக எதையும் வாங்கவே இல்லை என்பது எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவனுக்கும் விளங்கும். பிரிஜா என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன தேதி அண்ணா?"

"அது ஒண்ணுமில்ல பிரிஜா, பெட்டிக்க கணக்கு" என்று சொல்லி, துடைப்பதற்கான பொத்தானை அமுக்கினேன். பட்டியல் போயிற்று, தேதியும் போயிற்று. அவளுக்குத் துக்கம் தருகிற ஒன்றை நீக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். "நல்ல காரியம் செஞ்சீங்க அண்ணா" என்றாள். கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள்.

கடல் வரிசை கொஞ்ச நாள் காலியாகக் கிடந்தது. செல்வதாஸ் போனபிறகு வாசிக்க யாரும் முன்வரவில்லை. அந்தப் பழி நமக்கு எதற்கு என்று ஒதுங்கினார்கள். மைக்கில் சொல்லவும் ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிரிஜா எழுந்து நின்று சொன்னாளாம். "நான் வாசிக்கேன் ஃபாதர். எனக்கு வந்த கெதி இனி ஒருத்திக்கும் வரக்கூடாது."

நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நன்றாக வாசிக்கிறாள். செல்வதாஸ் மாதிரி கதையளப்பது கிடையாது. இறங்கலாம் என்றால் இறங்கலாம், கூடாது என்றால் கூடாது. ஆண்கள் முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது அவள் சொல்வதைக் கேட்காமல் ஒரு வள்ளமும் இறங்குவதில்லை. அனுப்பி முடித்ததும் தினமும் எனக்குப் போன் செய்வாள். "எல்லா வீட்லயும் போய்ச் சேந்துட்டா அண்ணா?" செல்வதாஸ் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. "சேந்துட்டு பிரிஜா" என்பேன். எப்படியும் கொஞ்ச நேரத்தில் சேரப்போவதுதானே.

நீங்கள் உங்கள் கரைகளில் வைக்கும்போது கடல் வரிசையைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அதற்கு மட்டும் கேஷ் வேண்டாம். அல்லது பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வராமல் ஆளுக்குக் கொஞ்சம் முன்பின்னாகக் கேட்கும்படி எழுதிவிடலாம். நேரலையும் நிற்காது, செய்தியும் தங்காது. ஒரு பகல் வேலைதான்.

என்னுடையதில் நான் அதைச் செய்யவில்லை. சோம்பல் என்று நினைக்காதீர்கள். புண் இல்லாத இடத்தில் எதற்குக் கட்டுப் போடுகிறாய் என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது? என் ஏற்பாட்டில் குறை இல்லை என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையில்தான் கடல் வரிசையே நடக்கிறது. அதைக் கெடுத்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

ஷாஜனுக்காக நான் வருத்தப்படாத நாள் இல்லை. அவனைக் கொன்றது யார் என்று நீங்கள் என்னிடம் நேராகக் கேட்டால், நான் சுற்றி வளைக்க மாட்டேன். அந்தச் செய்தி என் கையில் இருந்தது. நான் கொடுக்கவில்லை. செல்வதாஸைத் தீர்த்ததும் நான்தான், வாயால் ஒரு பொய்கூடச் சொல்லாமல். இதையெல்லாம் இவ்வளவு நிதானமாக எப்படிச் சொல்கிறாய் என்று உங்கள் முகம் கேட்கிறது. இது நடந்து முடிந்த விஷயம், அதனால்தான். தப்பு என்றால் அந்த ஒரு நாள் தப்பு. மற்றபடி என் வேலையில் யாரும் விரல் நீட்ட முடியாது.

நாதஸ்வரம் இந்தக் கணினியிலிருந்துதான் வருகிறது. இன்று வளர்பிறை முகூர்த்தம், மூன்று மண்டபத்தில் நேரலை. பிரிஜா வழக்கம்போலக் காலத்தே அனுப்பிவிட்டாள், இதோ மேலே இந்த மூலையில் இருக்கிறது பாருங்கள், அவள் முகம். என்ன சொல்லியிருக்கிறாள் என்று இன்னும் கேட்கவில்லை. நீங்கள் வந்துவிட்டீர்கள், நேரம் கிடைக்கவில்லை. அவள் போன் செய்தாள், சேர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? அதைத் தொடாதீர்கள், கடவுச்சொல் இல்லாமல் அந்த எண்ணைக் கூட்ட முடியாது. உட்காருங்கள். உச்சைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு தாலி கட்டியாயிற்று, இன்னும் இரண்டுதான்.